ஒளியும் நரம்பணுவும்

முகர்ந்த அளவிலே வாடிவிடும் மென்மையுடையது அனிச்சமலர் என்று பழந்தமிழ் நூல்கள் பேசும். கை பட்டதும் இலை கூம்பும் தொட்டாற்சுருங்கியை நாட்டுப்புறத்துச் சிறுவர் யாவரும் அறிவர். முகர்தலால் வாடும் மலரும், தொடுதலால் கூம்பும் செடியும் இருத்தல் போலக் காண்டலால் வாடும் பொருளும் உலகில் உண்டோ என்று ஒருவர் வினவினால், கேட்டோர் நகைப்பர். கண்ணேறு பட்டது என்று பாட்டிமார் சொல்லும் பேச்சாக அதனை ஒதுக்கியும் விடுவர். ஆயின், உயிரியல் ஆய்வுக்கூடங்களில் அத்தகைய பொருள் ஒன்று நாள்தோறும் ஆராயப்படுகின்றது. அதுவே உயிருள்ள நரம்பணு. நுண்ணோக்கியின் கீழ் வைத்து அதன்மீது ஒளியைப் பாய்ச்சும்போது, அதனைக் காட்டும் ஒளியே அதனைச் சிறிது சிறிதாக நலிவிக்கின்றது. கல்லடி பட்டாலும் கண்ணடி படலாகாது என்னும் பழமொழி நரம்பணுவைப் பொறுத்த அளவில் மெய்யே போலும்!

மக்கள் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணு. அதன் உடற்பகுதி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறு செய்தால் அவற்றுள் ஒன்றிரண்டு கூறே பெரும்பாலானவற்றின் அகலம். ஆயினும், அவ்வுடலிலிருந்து கிளைத்துச் செல்லும் இழைகள் நெடியன. ஆக்ஸான் எனப்படும் நெட்டிழை, முதுகுத்தண்டிலிருந்து காலடி நோக்கிச் செல்லுமிடத்து ஒரு மீட்டர் நீளமும் பெறும். இவ்விழைகளின் வழியே செய்திகள் மின்துடிப்பாக ஓடுகின்றன. உயிரணுவுக்கு வேண்டிய பொருள்களும் அவற்றின் உள்ளே இரு திசையிலும் சுமந்து செல்லப்படுகின்றன. நினைத்தல், அஞ்சுதல், கற்றல், மறத்தல் ஆகிய எல்லாம் இவற்றின் தொழிலைப் பற்றியே நிற்பன.

இத்துணை வியத்தகு பொருளை மக்கள் முதன்முதல் தெளிவாகக் கண்டபோது அஃது உயிரோடு இருக்கவில்லை. இத்தாலி நாட்டுக் கமில்லோ கால்ஜி என்பார் 1873-ஆம் ஆண்டில் வெள்ளி உப்பைக்கொண்டு நரம்பணுவைக் கருநிறமாக்கும் முறையைக் கண்டார். ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ ரமோன் இ காஹால் என்பார் அம்முறையைச் செம்மைப்படுத்தி, மூளையின் மெல்லிய சீவல்களில் நரம்பணுக்களின் கிளைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வரைந்தார். இருவருக்கும் 1906-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. காஹால் வரைந்த படங்களின் அழகு இன்றும் வியக்கத்தக்கது. எனினும், நிலையில் நிற்கும் தேரைக் கண்டவன் தேரோட்டத்தைக் கண்டவன் ஆகான். இழை எவ்வாறு வளர்கின்றது, துடிப்பு எப்போது பிறக்கின்றது என்பனவற்றை இறந்த சீவல் காட்டாது. 1907-இல் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவிலிருந்து எடுத்த நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் தொங்கவிட்டு, அதிலிருந்து நரம்பிழை முளைத்து நீள்வதைக் கண்டார். உயிருள்ள நரம்பணுவை உடலுக்கு வெளியே வைத்துக் காணும் வழி அன்று திறந்தது.

வழி திறந்ததே ஒழியக் காட்சி எளிதாகவில்லை. உயிரணு பெரும்பாலும் நீர் நிறைந்தது; கண்ணாடி போல் தெளிந்தது. அதனுள் இன்ன உறுப்பு இங்குளது என்று அறிய, அவ்வுறுப்பு மட்டும் தனித்து ஒளிர்தல் வேண்டும். இதற்குத் துணையாக வந்தது உடனொளிர்வு என்னும் இயல்பு. கொயினா கரைந்த நீரைக் கதிரவன் ஒளியில் வைத்தால், அந்நீரின் மேற்பரப்பில் இளநீல ஒளி தோன்றும். கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியை ஏற்றுக் கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியை அந்நீர் உமிழ்வதே அதற்குக் காரணம் என்று 1852-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். ஒருவகை ஒளியை ஏற்று, அதனினும் நீண்ட அலையுடைய வேறொரு நிற ஒளியை அப்போதே உமிழ்தல் உடனொளிர்வு ஆகும். நீல ஒளியைப் பாய்ச்சிப் பச்சை ஒளியை மட்டும் வடிகட்டிக் கண்டால், ஒளிர்பொருள் பற்றிய உறுப்பு இருண்ட வானத்து விண்மீன் போல் விளங்கும்.

இதனினும் வியப்பான துணை கடலிலிருந்து கிடைத்தது. ஜப்பானிய அறிஞர் ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான சொறிமீன்களைப் பிடித்து ஆராய்ந்து, பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை 1962-இல் வெளிப்படுத்தினார். 1994-இல் மார்ட்டின் சால்பி அப்புரதத்தின் மரபணுவை ஒரு சிறு புழுவினுள் புகுத்தி, அதன் நரம்பணுக்களையே பச்சையாக ஒளிரச் செய்தார். ரோஜர் சியன் அதனைப் பல நிறங்களில் மாற்றி அமைத்தார். மூவரும் 2008-இல் நோபல் பரிசு பெற்றனர். நரம்பணு துடிக்கும்போது அதனுள் கால்சியம் பெருகும். அப்பெருக்கத்திற்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் ஒளிரும் பொருள்களும் பின்னர் உண்டாயின. துடிப்பைக் கண்ணால் காணும் நிலை வந்தது. இங்கேதான் இடரும் வந்தது.

இவ்விடர் புதியதன்று. மியூனிக் நகரில் ஹெர்மன் பான் தாப்பைனர் என்னும் பேராசிரியரிடம் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர் பயின்றுவந்தார். அக்ரிடின் என்னும் சாயப்பொருள் பரமீசியம் என்ற ஓரணு உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கின்றது என்பதை அறிதல் அவருக்கு இடப்பட்ட பணி. பணி எளியது, விடைதான் ஒழுங்காக வரவில்லை. சாயத்தின் அளவு ஒன்றே, உயிரியும் ஒன்றே. எனினும், ஒருமுறை விரைவில் இறந்தவை மற்றொருமுறை நெடுநேரம் உயிரோடு நீந்தின. கவனக்குறைவு என்று சொல்லி, ஒத்துவந்த முடிவுகளை மட்டும் எழுதிக்கொண்டு போகும் மாணவர் பலர். ராப் அவ்வாறு செய்யவில்லை. வேறுபாடு எதனால் என்று தேடினார். ஆய்வு நடந்த வேளையின் வெளிச்சமே வேறுபட்டிருந்தது என்று கண்டார். ஒளி மிக்கபோது உயிரிகள் விரைவில் மடிந்தன. இருளில் வைத்தவை நெடிது வாழ்ந்தன. ஒளி மட்டும் அவற்றைக் கொல்லவில்லை. அந்த அளவில் சாயம் மட்டும் விரைந்து கொல்லவில்லை. இரண்டும் கூடியபோதே நஞ்சாயின. 1900-ஆம் ஆண்டில் ராப் இதனை வெளியிட்டார். தாப்பைனரும் யோட்ல்பவர் என்பாரும் மேலும் ஆராய்ந்து, உயிர்வளியாகிய ஆக்சிஜன் இல்லாதபோது இவ்விளைவு நிகழ்வதில்லை என்று நிறுவினர்.

சாயம், ஒளி, உயிர்வளி ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடமே இன்றைய நுண்ணோக்கி மேடை. மியூனிக்கில் பரமீசியத்திற்கு நேர்ந்ததே ஆய்வுக்கூடத்து நரம்பணுவுக்கும் நேர்கின்றது. ஒளியால் விளையும் இந்த ஊற்றை ஒளிநச்சுத்தன்மை என்று அறிவியலார் குறிப்பர். ஒளியூறு என்று சுருங்கச் சொல்லினும் பொருள் கெடாது.

ஒளியூறு நிகழும் முறை அறியத்தக்கது. ஒளியை ஏற்ற மூலக்கூறு ஆற்றல் மிக்க மேல்நிலைக்கு ஏறுகின்றது. அங்கே அது வினாடியின் நூறு கோடியில் சில கூறு நேரமே நிற்கும். உடனே ஒளியை உமிழ்ந்து கீழே இறங்கிவிடும். பரணில் ஏறியவர் அப்போதே இறங்கி வருதல் போன்றது இது. ஆனால், பல முறை ஏறி இறங்குகையில் சில முறை மட்டும், ஏணியின் நடுப்படியில் சிக்கிக்கொண்டவர் போல, மூலக்கூறு ஓர் இடைநிலையில் தங்கிவிடுகின்றது. அவ்விடைநிலையில் அது முன்னையினும் ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ நெடிது நிற்கும். அவ்வேளையில் அருகில் வரும் உயிர்வளிக்குத் தன் ஆற்றலைக் கொடுத்துவிடுகின்றது. அதனைப் பெற்ற உயிர்வளி மூர்க்கம் கொள்கின்றது. அது வாழ்வது வினாடியின் பத்து இலட்சத்தில் சில கூறே. ஆதலின், தான் பிறந்த இடத்தை விட்டு அது நெடுந்தொலைவு செல்வதில்லை. அருகிலுள்ள சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் தாக்கி அங்கேயே அழிகின்றது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பிற வன்பொருள்களும் இவ்வாறே தோன்றுகின்றன. அவற்றுள் சில தொலைவிலும் பரவும்.

உயிரணு இவற்றிற்கு எதிராக ஒன்றும் செய்யாமல் இருப்பதன்று. வன்பொருள்களை அடக்கும் நொதிகள் அதனிடம் உண்டு. சிறிது சிறிதாக வருவதை அவை அடக்கிவிடும். ஒரே இரவில் கொட்டும் மழையால் ஏரிக்கரை உடைகின்றது. அதே மழை ஒரு திங்கள் முழுதும் பரவிப் பெய்தால் மதகு வழியே நீர் வடிந்து கரை நிலைக்கின்றது. அதுபோல, ஒரே அளவு ஒளியைக் கடுமையாகச் சிறிது நேரம் பாய்ச்சுவதினும் மென்மையாக நெடுநேரம் பாய்ச்சுதல் பெரும்பாலும் தீங்கு குறைந்ததாகின்றது. எல்லாவிடத்தும் இது பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது. ஒளி துடிப்புத் துடிப்பாக வரும் கருவிகளில் கணக்கு வேறுபடும்.

பாய்ச்சும் ஒளியின் கடுமையைச் சிறு கணக்கால் உணரலாம். நண்பகலில் கதிரவன் ஒளி ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொணர்கின்றது. லேசர் நுண்ணோக்கியில் ஒரு மில்லிவாட்டின் பத்தில் ஒரு பங்கே ஒளி என்று கொள்வோம். அஃது அற்பமாகத் தோன்றும். ஆனால், அவ்வொளி முழுதும் அரை மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியில் குவிக்கப்படுகின்றது. பரப்பால் வகுத்துப் பார்த்தால், அப்புள்ளியில் விழும் ஒளி நண்பகல் வெயிலைப்போல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு ஆகும். அப்புள்ளி ஓரிடத்தில் நில்லாது ஓடிக்கொண்டிருப்பதனால் நரம்பணு உடனே மடியாது தப்புகின்றது. மண்டையோட்டின் இருளில் வாழப் பிறந்த பொருள் அது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

ஒளியின் நிறமும் ஊற்றை மாற்றும். புறஊதா ஒளி மரபுப்பொருளையே நேரே தாக்கும். நீல ஒளியை உயிரணுவிலுள்ள இயற்கைப் பொருள்கள் சில ஏற்றுக்கொள்வதனால், சாயம் இடாதபோதும் அது தீங்கு செய்யும். சிவப்பு ஒளி ஒப்பு நோக்கச் சாந்தமானது. இன்னொன்று, ஆய்வாளர் பலர் நெடுநாள் கருதாதது: நரம்பணு வாழும் வளர்ப்பு நீரே ஒளியால் நஞ்சாகக்கூடும். அந்நீரில் உணவாகச் சேர்க்கப்படும் ரிபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்து, நீல ஒளி பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு தோன்றக் காரணமாகின்றது. இட்ட சோறே நஞ்சாதல் இது.

ஊறு நேர்கின்றது என்பதை எவ்வாறு அறிவது? இதுவே ஆய்வாளர்க்குக் கடினமான பகுதி. வேறு உயிரணுக்களாயின் எளிய அடையாளம் ஒன்று உண்டு. அவை உரிய நேரத்தில் இரண்டாகப் பிரிவன. ஒளியால் நலிந்தால் பிரிவு தாமதமாகும், அல்லது நின்றுபோகும். பிரிவுகளை எண்ணினாலே ஊற்றின் அளவு தெரியும். வளரும் புழுக் கருவைக்கொண்டு நுண்ணோக்கிகளின் தீங்கை இவ்வாறு அளந்தவரும் உளர். முதிர்ந்த நரம்பணுவோ பிரிவதில்லை. பிரியாத ஒன்றில் பிரிவின் தாமதத்தை எங்ஙனம் காண்பது? ஆதலின், நரம்பணுவின் நலிவை அதற்கே உரிய அடையாளங்களால்தான் அறிதல் வேண்டும்.

முதலாவது உருவம். நலமுற்ற இழை ஒரே சீரான நூல் போல் இருக்கும். ஊறுற்ற இழையில் இடையிடையே வீக்கங்கள் தோன்றி, நூலில் மணி கோத்தாற்போன்று ஆகும். வளரும் இழையின் நுனி, விரித்த கை போல் முன்னே துழாவிச் செல்வது. நலிந்தபோது அக்கை மூடிப் பின்வாங்கும். உடற்பகுதியில் குமிழ்களும் வெற்றிடங்களும் தோன்றும். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் இழைமணிகள் நீண்ட புழுவடிவை இழந்து, துண்டு துண்டாகி உருண்டு வீங்கும். மற்றைய மாற்றங்கள் தோன்றும் முன்பே இது தோன்றிவிடுதல் உண்டு. மூளை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், உடல் கொள்ளும் உயிர்வளியில் நூற்றுக்கு இருபது பங்கைக் கொள்வது. அத்துணை ஆற்றல் வேண்டும் உயிரணுவில் இழைமணி கெடுதல் சிறு கேடன்று.

இரண்டாவது தொழில். அமைதியாக இருக்கும் நரம்பணுவில் கால்சியம் மிகக் குறைவு. துடித்தவுடன் ஏறிப் பின் இறங்கிவிடும். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் பழைய அடிநிலைக்கு வாராது சிறிது சிறிதாக மேலேயே தங்குமாயின், கால்சியத்தை வெளியேற்றும் திறன் தளர்கின்றது என்று ஐயுறல் வேண்டும். துடிப்பின் எண்ணிக்கை காரணமின்றிக் கூடுதலும் பின் குறைதலும் ஐயத்திற்கு உரியன. மின்முனையைக்கொண்டு துடிப்பை அளத்தல் ஈண்டு பெருந்துணை. அதற்கு ஒளி வேண்டுவதில்லை அல்லவா?

இறந்த உயிரணுவினுள் மட்டும் புகுந்து சிவப்பாக ஒளிரும் புரோப்பிடியம் அயோடைடு என்னும் சாயமும் உண்டு. உயிருள்ள உயிரணுவின் சவ்வு அதனைத் தடுத்துவிடும். இறந்தவற்றை எண்ண இது நல்ல கருவி. ஆனால், ஊற்றைக் கண்காணிக்க இதனை மட்டும் நம்புதல், வீடு எரிந்த பின் சாம்பலை அளத்தல் போன்றது. மேலும், ஊற்றைக் காட்டும் சாயங்கள் யாவும் தாமும் ஒளியை வேண்டுவன. வேவு பார்க்கச் சென்றவரே கொள்ளையிலும் பங்கு கொண்டாற்போல, கண்காணிப்பே ஊற்றைப் பெருக்கக் கூடும். இதனால் அறிந்தோர் உருவத்தைக் காண உடனொளிர்வை நாடாது, மெல்லிய சிவப்பு ஒளியை உயிரணுவின் ஊடே செலுத்திக் காண்பர். சாயமின்றியே தெளிந்த உயிரணுவின் விளிம்புகளைக் காட்டும் அலைநிலை வேற்றுமை நுண்ணோக்கி இதற்கு ஏற்றது. அதனைக் கண்ட பிரிட்ஸ் செர்னிக்கே என்னும் டச்சு அறிஞருக்கு 1953-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சாயம் மங்குதலையே ஊற்றின் அளவாகக் கொள்வாரும் உளர். ஒளிர்பொருள் ஒளியால் தானும் கெட்டு மங்குவது உண்மையே. அது விரைந்து மங்கினால் எச்சரிக்கை கொள்ளுதல் நன்று. ஆனால், அது மங்காமையால் உயிரணுவும் நலமே என்று துணிதல் தவறு. படம் பளிச்சென்று இருக்கும்போதே உயிரணு நலிந்திருத்தல் பல முறை கண்ட செய்தி.

அடையாளங்களை அறிந்தால் போதாது. ஒப்பிட்டு நோக்கவும் வேண்டும். அதற்கு ராப் கண்ட நெறியே இன்றும் துணை. ஒரே நாளில் வளர்த்த நரம்பணுக்களை நான்கு கிண்ணங்களில் வைப்பர். ஒன்றில் சாயமும் இல்லை, ஒளியும் இல்லை. ஒன்றில் சாயம் உண்டு, ஒளி இல்லை. ஒன்றில் ஒளி உண்டு, சாயம் இல்லை. எஞ்சியதில் இரண்டும் உண்டு. நான்காவதில் மட்டும் கேடு தோன்றினால், சாயமும் ஒளியும் கூடியதே காரணம். மூன்றாவதிலும் தோன்றினால், ஒளியோ வளர்ப்பு நீரோ காரணம். சிலர் சோம்பலால் ஒரே கிண்ணத்தில் ஒளி படாத மூலையை ஒப்பாகக் கொள்வர். வளர்ப்பு நீரில் தோன்றும் பெராக்சைடு அம்மூலைக்கும் பரவும் என்பதை அவர் மறந்துவிடுகின்றனர்.

கிண்ணத்தை மேடையிலிருந்து எடுத்தவுடன் ஆய்வு முடிந்துவிடாது. ஒளியூறு உடனே தெரிவதும் உண்டு. பல மணி நேரம் கழித்துத் தெரிவதும் உண்டு. படம் எடுத்தபோது நலமாக இருந்த நரம்பணு மறுநாள் மடிந்து கிடத்தல் அரிதன்று. ஆதலின், பொறுப்புடையோர் ஒளி பட்ட இடத்தைக் குறித்துவைத்துக் கிண்ணத்தை மீண்டும் வளர்ப்பறையில் வைத்து, மறுநாள் அதே நரம்பணுக்களைத் தேடிக் காண்பர். இதற்குப் பொறுமை வேண்டும். அழகிய படம் கைக்கு வந்தபின் அப்பொறுமை பலரிடம் இருப்பதில்லை.

நரம்பணு இறந்துபோவது பெரும் இழப்பன்று; வேறு கிண்ணம் எடுத்துக்கொள்ளலாம். இறவாமல் நலிந்து நின்று பொய்ச்சான்று கூறுதலே பெருங்கேடு. ஒரு மருந்து, ஆக்ஸானில் இழைமணிகளின் ஓட்டத்தைத் தடுக்கின்றதா என்று ஒருவர் ஆராய்கின்றார் என்று கொள்வோம். இழைமணிகளிற் பெரும்பாலானவை நின்றுகொண்டே இருப்பன, சிலவே ஓடுவன. அவர் முதலில் பத்து நிமிடம் ஓட்டத்தைப் படமெடுக்கின்றார். பின் அதே கிண்ணத்தில் மருந்தை விட்டு மீண்டும் பத்து நிமிடம் படமெடுக்கின்றார். ஓடியவை குறைந்துவிட்டன. மருந்தின் செயல் என்று மகிழ்ந்து எழுதிவிடுகின்றார். முதற் பத்து நிமிடத்து ஒளியே இழைமணிகளைத் தளர்த்தியிருக்கக்கூடும் என்று அவர் எண்ணவில்லை. மருந்துக்கு மாறாக வெறும் நீரை விட்டு, அதே ஒளியில், அதே நேரம், இன்னொரு கிண்ணத்தைக் கண்டிருந்தால் உண்மை விளங்கியிருக்கும். அங்கும் ஓட்டம் குறைந்தால் குற்றம் ஒளியினுடையது. அவர் எழுதியதைப் படித்து வேறொருவர் மேலும் ஆராய்வார். அதன்மேல் மற்றொருவர் கட்டுவார். காட்சி என்பது அறிவு பெறும் வழிகளுள் முதன்மையானது என்று நம் அளவை நூலார் வைத்தனர். அக்காட்சியே காணப்படும் பொருளை மாற்றிவிடுமாயின், மாற்றத்தின் அளவையும் உடன் அறிந்தாலன்றி அக்காட்சி சான்றாகாது.

ஊற்றைக் குறைக்கும் வழிகள் பலவாகப் பெருகியுள்ளன. படம் எடுக்காத நேரத்தில் ஒளியை மறைத்துவிடுதல் மிக எளியது. எளியதாதலால் மறக்கப்படுவதும் அதுவே. மங்கிய ஒளியையும் உணரும் நல்ல ஒளிப்படக் கருவி இருந்தால் பாய்ச்சும் ஒளியைக் குறைக்கலாம். 1990-இல் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட இருபோட்டான் நுண்ணோக்கி, நீல ஒளிக்கு மாறாகக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைக்கொண்டு, குவியும் புள்ளியில் மட்டும் ஒளிரச் செய்வது. ஆயினும், அப்புள்ளியில் ஒளியை மிகுத்தால் ஊறு மிக விரைந்து ஏறும். ஒளியை ஏடு போல் மெல்லிதாக்கிப் பக்கவாட்டில் செலுத்தும் நுண்ணோக்கி 2004 முதல் பெருவழக்காயிற்று. காணும் தளம் தவிர மற்றைய தளங்களில் ஒளி படாமையின் அது நெடுநேர ஆய்வுக்கு ஏற்றது. 2014-இல் நோபல் பரிசு பெற்ற மிகைநுண்மை முறைகளுள் சிலவோ மிகுந்த ஒளியை வேண்டுவன. நுண்மை மிக மிக, நரம்பணு கொடுக்கும் விலையும் மிகுகின்றது. மங்கிய படத்தைக் கணிப்பொறியால் தெளிவாக்கும் முறைகளும் வந்துள்ளன. அவற்றால் ஒளி பெரிதும் குறையும் என்பது மெய். இல்லாத இழையை இருப்பதாகக் கணிப்பொறி வரைந்துவிடாமல் காப்பது ஆய்வாளர் கடன்.

இவை எல்லாவற்றினும் முற்பட வேண்டுவது ஒளியை அளத்தல். ஆய்வுரைகள் பலவற்றில் லேசர் ஆற்றல் நூற்றுக்கு ஐந்து வைக்கப்பட்டது என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். எந்த லேசரின் நூற்றில் ஐந்து? புதிய லேசரின் ஐந்தும் தேய்ந்த லேசரின் ஐந்தும் ஒன்றாகுமா? உப்பு வேண்டிய அளவு என்று சமையற் குறிப்பில் எழுதுதல் போன்றது இது. சமைத்துப் பழகியவர்க்கன்றிப் பிறர்க்குப் பயன்படாது. பொருளருகு வில்லையின் கீழ் ஓர் ஒளியளவியை வைத்து, அங்கே வந்து சேரும் ஆற்றல் எத்தனை மில்லிவாட் என்று அளந்து, எத்தனை வினாடி, எவ்வளவு பரப்பில், எந்நிற ஒளி பாய்ந்தது என்பனவற்றையும் உடன் எழுதினால், கடல் கடந்த நாட்டிலுள்ள வேறோர் ஆய்வாளரும் அதே அளவு ஒளியைத் தம் நரம்பணுக்களின்மீது பாய்ச்சி, இரண்டு கிண்ணங்களிலும் இழைகள் மறுநாள் எவ்வாறு இருக்கின்றன என்று ஒத்துப் பார்க்க இயலும்.